ஒன்றரை அங்குலம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் நிலத் திட்டம் போடும் ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனோம். அந்நகரின் சிலிபின் பகுதியில் எங்கள் வீடுகளை ஒட்டித் தமிழ்ப் பள்ளிக்கென ஒதுக்கிய நிலத்தைக் கடைகளுக்கு மாற்றி, பள்ளியைப் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார் அவர்.

ஒல்லியான ஆள். கசங்காத வெள்ளைச் சட்டை. வரைபடத்தில் கை வைக்குமுன் கைக்குட்டையை நான்காக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். வேர்வை பட்டால் மை கலைந்துவிடுமாம். அந்தக் காகிதத்துக்குக் கொடுத்த மரியாதையை எங்களுக்குக் கொடுக்கவில்லை, உட்காரக்கூடச் சொல்லவில்லை.

என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர்தான் கேட்டார்: "ஒரு தடவ வந்து பாருங்கய்யா. காட்டுல வெட்டுன பாலாக் மரம் ஏத்துன லோரி எப்படிப் பறக்குது தெரியுமா? சின்னப் பிள்ளைங்க எப்படிலா தாண்டும்?"

"வரத் தேவையில்லம்மா, எல்லாம் இதுல இருக்கு" என்று படத்தின்மேல் ஸ்கேலை வைத்தார். "உங்க வீட்டுலேருந்து பள்ளிக்கு ஒன்றரை அங்குலம். இதெல்லாம் ஒரு தூரமா?"

ரோடு எங்கே என்று தேடி அக்கா படத்தில் விரலை வைத்தார். மனுஷன் பதறிப்போய் அந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அவர் லஞ்சம் வாங்கியதாக யாரும் சொன்னதில்லை. வாங்கியிருந்தாலாவது ஆசை பிடித்த மனுஷன் என்று விட்டிருப்பேன். இது என்ன பிறவி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பள்ளி அங்கேதான் வந்தது. தினமும் காலையில் அக்கா நடுரோட்டில் வேர்க்க வேர்க்க நின்று, கையை நீட்டி லோரிகளை நிறுத்தி, எங்கள் பிள்ளைகளை அந்த ஒன்றரை அங்குலம் தாண்டவைத்தார்.