கொட்டாஞ்சேனைத் தார்ப்பாய்

சலூன்காரர் முன் சீட்டில் இருந்தார். பின்னால் ஜன்னல் பக்கம் நானா, எங்கள் முஸ்லிம் அண்ணன். அவர் புறக்கோட்டை நடைபாதையில் போன் உறை விற்பவர். அவருக்குப் பக்கத்தில் மல்லி. எங்கள் ஒழுங்கையில் த்ரீவீல் ஓட்டுகிற சிங்களவன். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி; வயது நாற்பது ஆகியும் எங்களுக்கு மல்லிதான். கடைசி சீட்டில் தார்ப்பாய்க்காரர். அவருடைய கால் வைக்கிற இடம் முழுக்கத் தார்ப்பாய். ஸ்டியரிங்கில் நான். ஆபீஸ் வேலை செய்கிற ஒருவனும் எங்களோடு சேர்த்தி. அவன் வெள்ளவத்தையில் இருப்பதால் வெள்ளவத்தை என்றே கூப்பிடுவோம். அவன் நேரே ஹோட்டலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

வான் என்னுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான். அதிகம் படித்தவன் இல்லை நான். இதை யாரிடமும் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் ஒரே இங்கிலாந்துக் கிளப்பின் ஆட்கள். சிவப்புச் சட்டைக் கிளப். பெயரை எழுத இப்போது மனமில்லை. யாரும் இங்கிலாந்தைக் கண்டதில்லை. சலூனில் டிவி இருந்தது, அங்கே பார்த்தோம். பெனால்ட்டி என்றால் சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். கதிரையில் இருப்பவர் பாதி தாடியோடு காத்திருக்க வேண்டும். அதற்குச் சம்மதம் இல்லாதவர்கள் சனிக்கிழமை தலைமயிர் வெட்ட வருவதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கிளப்பின் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு சூதாட்டக் கம்பனியின் பெயர் வரத் தொடங்கியது. நானா அதைப் போடமாட்டேன் என்றார். அவர் மார்க்கத்தில் அது ஆகாது. அவர் அந்தப் பெயரின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். ஒருவர் மட்டும் டேப்போடு இருந்தால் நன்றாக இருக்காது என்று நாங்களும் ஒட்டினோம். துவைக்கும்போது டேப் கழன்றுவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒட்டுவோம். யார் கேட்டாலும் டேப் ஒட்டினவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள்.

ஆட்டம் மாறிக்கொண்டே போனது. நெஞ்சில் அடித்து இந்தச் சின்னத்துக்காகச் சாவேன் என்ற ஆட்டக்காரன் அடுத்த வருடம் அரபு நாட்டுக்குப் போனான். டிவியில் பந்தைக் காட்டுகிற நேரத்தை விடப் பந்தயம் கட்டச் சொல்கிற நேரம் கூடியது. பிறகு வீடியோ நடுவர் வந்தார். எங்களுக்கு அதுதான் பெரிய அடி. கோல் விழும். நாங்கள் பாதி எழும்புவோம். உடனே உட்காருவோம். எங்கோ ஓர் அறையில் ஒருவர் கோடு கீறிப் பார்ப்பார். தோள்பட்டை வெளியே, முழங்கால் உள்ளே. சரி என்று சொல்லும்போது கத்துகிற ஆசை போயிருக்கும். மல்லி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருப்பான். கேட்டால், எழும்பாமல் இருக்கக் கையைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்பான்.

அப்படியும் நாங்கள் சலூனுக்குப் போனோம். பழகிவிட்டது.

தார்ப்பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தார்ப்பாய்க்காரருக்கு ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்டில் வேலை. லொறிகளுக்குச் சாமான் ஏற்றிக் கட்டுவார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். எங்கள் பக்கத்துக் கிரவுண்டில், எங்கள் பக்கத்துக் கிளப்புக்குக் கோல் காத்தவன். யார்டில் கழித்துப் போட்ட பெரிய லொறித் தார்ப்பாய் ஒன்றை இரண்டு பேரும் கொண்டுவந்தார்கள். தம்பி இனாமல் பெயின்டில் சிவப்புக் கிளப்பின் சின்னத்தைக் கீறினான். கீழே பெரிதாக, தமிழில், எங்கள் இடத்தின் பெயரை, கொட்டாஞ்சேனை என்று எழுதினான். எழுத்து கொஞ்சம் மேலே ஏறிப் போகும். ஏணியில் நின்று எழுதியது.

ஆட்டம் உள்ள நாளில் அதை ஒழுங்கைக்குக் குறுக்கே கட்டுவோம். சலூன் மேல்மாடியில் ஒரு பக்கம், எதிரே லைட் கம்பத்தில் மறுபக்கம். கோவில் பெருநாளுக்கு மாதா சுருவம் ஊர்வலமாக வந்தால் மட்டும் சுருட்டி மேலே தூக்குவோம். பிறகு தம்பி நோய் வருத்தத்தில் போய்விட்டான். பொரளையில் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகும் தார்ப்பாய் ஏறியது. தார்ப்பாய்க்காரர் தம்பியைப் பற்றிக் கதைப்பதில்லை. கட்டின பிறகு கொஞ்ச நேரம் கீழே நின்று பார்ப்பார். அவ்வளவுதான்.

அந்தத் தார்ப்பாயின் படத்தைப் போனில் பார்த்துத்தான் வெள்ளவத்தை எங்களைத் தேடி வந்தவன். நல்லவன். எங்களோடு நிலத்தில் இருந்து பார்ப்பான். அவன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். ஆட்டத்தைக் காட்டுகிற கம்பனி காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டலில் பெரிய திரை போடுகிறதாம். கிளப்பின் பழைய ஆட்டக்காரர் ஒருவர் வருகிறாராம். ரசிகர்களைப் படம் எடுத்து, இங்கிலாந்தில் அந்தக் கிரவுண்டிலேயே ஆட்டத்துக்கு முன் காட்டுவார்களாம்.

தார்ப்பாய்க்காரர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்த கிரவுண்டுலயேவா?"

"ஓம் அண்ணை. பெரிய ஸ்கிரீனில. உங்கட தார்ப்பாயும் வரும்."

அவர் யார்டில் லீவு போட்டார். தார்ப்பாயைச் சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவினார். மங்கிப்போன சின்னத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். எழுத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அது தம்பியின் கை. அந்த எழுத்து அந்தக் கிரவுண்டில் தெரிய வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். எங்களுக்கும் தெரியும்.

அன்று ஹோட்டலுக்குப் போகிற வழியில் வான் முழுக்கப் பெயின்ட் மணமும் டீசல் மணமும்.

"நாளைக்குப் புள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் ஏறும்" என்றார் சலூன்காரர்.

"அதுங்க உங்க சலூன் பவுடர் மணத்தையே தாங்கிக்கிட்டு ஏறுதுங்க" என்றேன். தார்ப்பாய்க்காரர் சிரித்தார். அவர் சிரிப்பது குறைவு.

ஹோட்டலில் பக்கத்து வாசலால் விட்டார்கள். நான்கு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மண்டப வாசலில் காதில் மைக் மாட்டிய பெண் பிள்ளை ஒன்று நின்றது. தார்ப்பாயைக் கண்டதும் முகம் மாறியது. மரியாதையாகத்தான் பேசியது. வெள்ளவத்தையோடு ஆங்கிலத்தில் கதைத்தது. அவன் எங்களிடம் திரும்பினான். முகத்தைப் பார்க்கவில்லை.

"பழைய சின்னம் படத்துக்குள்ள வரக்கூடாதாம் அண்ணை. கிளப் சின்னத்தை மாத்தீட்டினம் எல்லோ. புதுசு மட்டும்தானாம்."

சின்னம் மாறியது எங்களுக்கும் தெரியும். புதுச் சட்டையில் கோடும் வளைவும் குறைந்த ஒன்று இருக்கும். ஆனால் பழையதைக் காட்டக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கும் என்று நினைக்கவில்லை. பழையது என்றால் மதிப்பார்கள் என்றுதான் நினைத்தோம். அதற்காகத்தான் அவர் புதுப் பெயின்டே அடித்தார்.

தார்ப்பாய்க்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சின்னத்த மடிச்சிட்டு எழுத்த மட்டும் காட்டலாமா? கேட்டுப் பாருங்க."

வெள்ளவத்தை கேட்டான். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்தது. அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாதே என்றது. பிறகு கார்ப்பெட்டைப் பார்த்தது. தார்ப்பாயின் ஒரு மூலையில் இருந்து கறுப்பாக ஏதோ அதில் ஒட்டியிருந்தது.

தார்ப்பாய்க்காரர் எங்களைப் பார்த்தார். ஒருவர் ஒருவராகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அப்படியென்றால் நாங்களும் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். சலூன்காரர் மேசையில் அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தார். மல்லி சப்பாத்தைப் பார்த்தான். நான் உள்ளே பார்த்தேன். பழைய ஆட்டக்காரர் வந்துவிட்டாரா என்று பார்த்தேன்.

"நீங்க போங்க" என்றார். "நான் இதோட வான்ல இருக்கிறேன்."

நானும் மல்லியும் தூக்க உதவி செய்தோம். இறங்கும்போது பாரம் கூடுதலாக இருந்தது. கதவைத் திறந்து கொடுத்துவிட்டு நான் மேலே போனேன்.

எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்தார்கள். சூதாட்டக் கம்பனியின் பெயர் முன்னால் பெரிதாக. முதுகிலும் அதே. டேப் கொண்டு வந்திருந்தோம், சலூன்காரரின் பையில். யாரும் எடுக்கவில்லை. நானா சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டார். அந்தப் பிள்ளை வந்து அப்படிப் போடக்கூடாது என்றது.

"எனக்கு ஏலா மகள்" என்றார். சட்டையைக் கழற்றி, மடித்து, அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். பின் சுவரோடு போட்டிருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார். மற்ற நால்வரும், வெள்ளவத்தையும் சேர்த்து, போட்ட சட்டையோடு நின்றோம்.

ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. படம் எடுப்பவர் மேடையில் ஏறினார். இப்போது கோல் விழுந்தது என்று நினைத்துக் கத்துங்கள் என்றார். கத்தினோம். போதாது என்றார். கைகளை உயர்த்தி, பக்கத்தில் நிற்பவரைக் கட்டிப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு தரம். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தரம்.

நான் முழு மூச்சோடு கத்தினேன். சலூன்காரரைத் தூக்கினேன். இதை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு நன்றாக இருந்தது. எத்தனையோ வருடமாக அப்படிக் கத்தவில்லை. கோடு கீற ஆள் இல்லை. இல்லாத கோலை யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

பழைய ஆட்டக்காரர் வந்தார். கை அசைத்தார். அவரோடு படம் எடுக்க வேறு டிக்கெட் வேண்டுமாம். பக்கக் கதவால் போய்விட்டார்.

கடுதாசித் தட்டில் ரோல்ஸும் கட்லட்டும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். தார்ப்பாய்க்காரர் வானுக்கு வெளியே நின்றார். என்னைக் கண்டதும் முன்னால் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"கோல் யாரு அடிச்சது?"

எனக்கு விளங்கவில்லை.

"மூணு நாலு தரம் கேட்டிச்சு. இங்க வரைக்கும் கேட்டிச்சு. யாரு அடிச்சது?"

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று சொன்னேன். படத்துக்காகக் கத்தச் சொன்னார்கள், கத்தினோம் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் என் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார் போல. நான் தட்டை உயர்த்திப் பிடித்தேன். மறைக்கத்தான்.

"ம்" என்றார். ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். ஏதாவது ஏசியிருக்கலாம்.

வீட்டில் கொண்டுபோய் விடவா என்று கேட்டேன். வேண்டாம், ஆட்டம் முடிந்ததும் வாருங்கள் என்றார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினேன். அன்று நாங்கள் வென்றோம். கோல் யார் அடித்தது என்று இப்போது ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தோம். ஒழுங்கையில் இறக்கும்போது தார்ப்பாயைச் சலூனுக்குள் வைக்கப் போனோம். வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

பிறகு படம் வந்தது. அந்தக் கிரவுண்டில் காட்டினார்களோ தெரியாது. இங்கே எல்லோர் போனிலும் வந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து நான். நெஞ்சில் கம்பனியின் பெயர். அது கிளப்பைப் பற்றிய படம் இல்லை. பந்தயம் கட்டுவதற்கான விளம்பரம். வானில் பிள்ளைகள் என்னைப் போலக் கையை உயர்த்திக் கத்திப் பழகினார்கள். ஒரு நாள் காலையில் ஒரு பிள்ளையின் தாய் கேட்டில் வைத்துக் கேட்டார்.

"அங்கிள், நீங்க பெட் எல்லாம் பிடிக்கிறீங்களா?"

இல்லை மிஸ் என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை வேறு வானில் போனது.

வெள்ளவத்தை ஒரு தரம் வந்தான். அப்படி விளம்பரமாக வரும் என்று தனக்கே தெரியாது என்றான். நம்பினேன். அவனும் அந்தச் சட்டைதான் போட்டிருந்தான். சலூன்காரர் டிவிக்குக் காசு கட்டுவதை விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் இப்போது எல்லோருக்கும் முழுத் தாடியும் மழிக்கிறார். நானாவைப் புறக்கோட்டையில் காண்பேன். ஸலாம் சொல்வார், நிற்கமாட்டார். ஒழுங்கையில் மேலே வெறும் வயர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். டயர் மாற்றிவிட்டு எங்கள் பக்கத்துக் கிரவுண்ட் வழியாக வந்தேன். தம்பி கோல் காத்த கிரவுண்ட். எத்தனை வருடம் அங்கே இறங்கவில்லை என்று தெரியாது. இதே நேரத்தில் டிவியில் ஏதாவது ஆட்டம் இருக்கும். சரியான மழை. ஆனாலும் ஆட்டம் நடந்தது. சேற்றில் இரண்டு கிளப் பெடியன்கள்.

ஓரத்தில் தார்ப்பாயைக் கண்டேன். பார்க்க வந்த ஆட்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மூலையில் தார்ப்பாய்க்காரர். மறு மூலையில் நானா. மல்லியின் த்ரீவீலும் பக்கத்தில் நின்றது. பெயின்ட் அடித்த பக்கம் உள்ளே. மேலே வெறும் பச்சை, அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. எழுத்து, அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நான் வானை நிறுத்தினேன். இறங்கவில்லை.

கோல் விழுந்தது. அவர்கள் கத்தினார்கள். கை எல்லாம் உயர, தார்ப்பாயும் உயர்ந்து, தேங்கின தண்ணீர் முழுக்கப் பக்கத்தால் கொட்டியது. யாரும் காத்திருக்கவில்லை. கோடு கீறவும் யாரும் இல்லை. யார் அடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

கண்ணாடி ஆவி பிடித்திருந்தது. துடைக்கிற துணியாக அந்தச் சட்டைதான் வானில் கிடக்கிறது. அதால் துடைத்தேன். துடைத்துவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் நின்றவர்களை எண்ணினேன்.

பதினான்கு பேர்.