சங்கீத டீச்சரின் முட்டி வலி

சங்கீத டீச்சர் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். பள்ளிக்கூடத்து மாடியில், கோடி அறையில், கீபோர்டுக்குப் பின்னால் காலையில் உட்கார்ந்தால் கடைசி மணி அடிக்கும்போதுதான் எழுந்திருப்பாள். பிள்ளைகள் வருவார்கள், பாடுவார்கள், போவார்கள். அவள் அசையமாட்டாள். சின்ன வயதிலிருந்தே பூசினாற்போன்ற உடம்பு. பாடுகிறவளை யாரும் எழுந்து ஓடச் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் பாட்டுக்கு வந்தோமோ என்று அவளே சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளைத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, விடுமுறையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வரச் சொன்னார்.

"உடம்பால பாட்டு கத்துக்கிற வகுப்பாம். நடக்கணும், குதிக்கணும், பந்து உருட்டணும், எல்லாமே தாளத்தோட. நம்ம பிள்ளைங்க உட்கார்ந்த இடத்துலயே பாடித் தூங்கி வழியுதுங்க. நீங்க போய்க் கத்துக்கிட்டு வந்தா நல்லா இருக்கும்."

"சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தொளதொளப்பான உடையில் வெறுங்காலோடு வர வேண்டும், அதற்குள் ஒரு சின்னப் பயிற்சியைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று வகுப்புக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பாட்டின் வேகத்துக்குக் கால் நடக்க வேண்டும். அதில் பாதி வேகத்தில் கை தட்ட வேண்டும். பச்சைப்பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தாள்.

வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் பாட்டைப் போட்டு, பீரோ கண்ணாடிக்கு முன்னால் நடந்து பார்த்தாள். கை காலோடு சேர்ந்து ஓடியது. கையை இழுத்துப் பிடித்தால் கால் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்து 'தாளம், தாளம்' என்று கத்தியவள் கண்ணாடிக்குள் தத்தக்கா பித்தக்கா என்று போய்வந்துகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. நாத்தனார். டீச்சரின் கணவர் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் அன்று சீக்கிரம் வந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணி, என்ன இது? கோழி புடிக்கிறீங்களா, கொசு அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதில் துளியும் விஷமில்லை. டீச்சரும் கூடச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே போய் முள்ளாகக் குத்திக்கொண்டது. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த கூடத்தில், தன் வயசில் பாதிகூட ஆகாதவர்கள் பார்க்க, இந்த உடம்பை வைத்துக்கொண்டு குதிப்பதா? நினைக்கும்போதே காது மடல் சுட்டது.

மறுநாள் முட்டியில் கட்டுப்போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"முட்டி பிசகிடுச்சு மேடம். டாக்டர் ரொம்ப அசைக்கக் கூடாதுன்னுட்டாரு. வகுப்புக்கு..."

"வகுப்பு கிடக்குது விடுங்க. இந்தக் காலோட ஏன் படியேறி வந்தீங்க?"

அதற்குப் பிறகுதான் வினையே. பாட்டு அறையைக் கீழே மாற்றச் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்காலிகளையும் கீபோர்டையும் எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆயாம்மா கால் வைத்துக்கொள்ள முக்காலி கொண்டுவந்தாள். வீட்டில் நாத்தனார் தைலம் தேய்த்துவிட்டாள். "நான் சிரிச்ச நேரம், உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு அண்ணி" என்றாள். டீச்சருக்குக் காலை இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இழுத்தால் வலி இல்லாதது தெரிந்துவிடும். மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். தலைமை ஆசிரியை பாட்டு அறைக்கு வந்து செருப்பைக் கழற்றினார். அவரும் கனத்த உடம்புக்காரர்தான், ஓய்வு பெறப் போகிறவர் வேறு.

"உங்க இடத்தை வீணாக்க மனசு வரல டீச்சர். நானே போறேன். நீங்க உட்கார்ந்து வாசிங்க, நான் நடந்து பார்க்கிறேன்."

டீச்சர் வாசித்தாள். தலைமை ஆசிரியை நடந்தார். கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், தாளம் எங்கேயோ. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார், மூச்சிரைக்க, மறுபடி முதலிலிருந்து நடந்தார். டீச்சருக்கு அவரைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. அதே சமயம் எங்கே தப்புகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்படியில்ல மேடம், கையை முந்த விடாதீங்க. இப்படி..."

எழுந்தாள். முக்காலியைத் தள்ளினாள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விறுவிறுவென்று நடந்தாள். திரும்பியபோதுதான் அறையில் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

தலைமை ஆசிரியை முட்டிக் கட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினார்.

"முட்டி?"

"வலி இல்ல மேடம். எப்பவுமே இல்ல. எனக்கு... வெட்கமா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தேவலை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வந்து சொல்லியிருக்கலாமே. நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்? அந்தப் பிள்ளைங்க இத்தனை சாமானையும் சுமந்ததுங்க டீச்சர்." வாசலில் நின்றார். "உங்க பேரை இன்னும் எடுக்கச் சொல்லல. போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

அன்று மாலை நாற்காலிகளை அவளே ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினாள். உதவ வந்த ஆயாம்மாவைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினாள். மறுநாள் ஐந்தாம் வகுப்பின் முன்னால் நின்றபடியே, "டீச்சருக்கு முட்டி வலி இல்ல. பொய் சொல்லிட்டேன். உங்களைச் சுமக்க வச்சிட்டேன்" என்றாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும், "அப்போ நாளைக்கு எங்ககூட ஓடுவீங்களா?" என்று கேட்டாள்.

நாத்தனாரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். சாப்பிடவும் வரவில்லை. காலையில் அவளுடைய தொளதொள பேன்ட் ஒன்று, இடுப்புப் பிரித்துத் தைத்து, டீச்சரின் பெட்டி மேல் கிடந்தது.

வகுப்புக்குப் போனாள். முதல் நாளே பந்தைத் தவறவிட்டாள். அது உருண்டுபோய்ப் பக்கத்தில் நின்றவர் காலில் இடித்தது. காது சுட்டது. ஆனாலும் குனிந்து எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். பெரிய கெட்டிக்காரியாகத் திரும்பினாள் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை நடக்கவும் குதிக்கவும் வைக்கத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். ஆனால் தலைமை ஆசிரியை எதிரே வந்தால் அவள் பார்வை வெகுநாள் வரை தரையைத்தான் தேடியது.