பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. வயசுப்பெண் அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாது என்பது பெரியப்பா போட்ட சட்டம். என் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் கிடந்தது.

ஒருநாள் அப்பா கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தார். திரையில் தானாக ஒரு ஜன்னல் திறந்து, துணியில்லாமல் ஒருத்தி வந்து நின்றாள். மூடினால் இன்னொருத்தி. அப்பா மானிட்டரை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“இன்னா பாத்துக்கினு இருந்த இதுல?”

“வைரஸ்பா. யாரோ எதையோ இறக்கியிருக்காங்க.”

“நான் பில்லு கட்டறத வுட்டா, உன்னத் தவிர யாரு இதத் தொடறாங்க?”

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக விழுப்புரத்தில் இருந்துகொண்டு எனக்கு வரன் பார்த்துவந்த பெரியப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் தயங்கவே இல்லை. “மொதல்ல நெட்ட கட் பண்ணு. மாப்ள வூட்டுக்காரங்க காதுக்குப் போனா நம்ம மானம் இன்னா ஆவறது?” அன்றைக்கே அப்பா ஒயரைப் பிடுங்கினார். அதன்பின் நான் போனைக் கையில் எடுத்தால்கூட அம்மா எட்டிப் பார்த்தாள்.

விழுப்புரத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடை. சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு, விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரமெல்லாம் வெந்துகொண்டு போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார்.

“பொண்ணுங்க யூஸ் பண்ற சிஸ்டமா சார்? கண்டதையும் கிளிக் பண்ணுவாங்க. ஃபார்மட் அடிச்சிடலாம்.”

ஃபார்மட் அடித்தால் ப்ராஜெக்டும் போகும், என்மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே நிற்கும். வேண்டாங்க என்று சொல்லி சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லூரி லேபில் பென்டிரைவில் ஒரு ஸ்கேனரை இறக்கிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரை சேஃப் மோடில் திறந்து ஓடவிட்டேன். அம்மா மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எழுத்தில் வரிவரியாக வந்தது. ட்ரோஜன். நல்ல பிள்ளை மாதிரி உள்ளே வந்து, பின்கதவைத் திறந்துவிடும் சாதி. அது ஒளிந்திருந்த இடத்தைப் பார்த்தேன். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதை யாரோ திருட்டுத்தனமாக உடைத்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். நிறுவும்முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லி அதிலேயே எழுதியிருந்தது. அப்படியே நிறுத்தியும் இருந்தது. நிறுவிய நாள் காணும் பொங்கல். அன்று நான் கண்டமங்கலத்தில் தோழி வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர் பெரியப்பா. உள்ளே என் நட்சத்திரம், பிறந்த நேரம், நான் பார்த்தே இராத பையன்களின் ஜாதகங்கள்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். “சரி, க்ளீன் பண்ணிடு” என்றார். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் அழித்தேன். கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாகக் கிளம்பும் நிரல்களில் ஒட்டியிருந்ததையும் எடுத்தேன். ஒன்றும் சிக்காதவரை மறுபடி மறுபடி ஸ்கேன் செய்தேன். கல்லூரி லேபில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை மாற்றினேன். ப்ராஜெக்ட் பிழைத்தது.

அப்பா சொல்லித் தெரிந்து, மறுநாள் பெரியப்பா என் போனுக்கே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. “எனக்கு இன்னாமா தெரியும், ஃப்ரீயா கெடச்சுது, போட்டேன். இத வெளிய சொல்லிடாத. அந்தப் படத்தையெல்லாம் நான் பாத்தன்னு நெனைப்பாங்க. அசிங்கமா பூடும்மா.”

அப்பாவும் அதையே சொன்னார். “வயசானவரு, பாவம். மனசு தாங்க மாட்டாரு. வுட்டுடு.”

அந்தப் பாவம் என்னைப் பார்த்து ஒருவருக்கும் வரவில்லை. அப்பா ஒயரைப் பிடுங்கிய கதை அதற்குள் பரவிவிட்டது; எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்தவள் நான்தான்.