பைப்பைத் தொடாமல் எட்டுச் சுற்று

பதினோரு வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது என்று என் மனைவி முடிவு செய்தாள். இடையில் மகளின் படிப்பு, என் பத்திரிகை வேலை, என் உடம்பில் ஏறிய பதினாறு கிலோ. அவள் உடம்பில் எதுவும் ஏறவில்லை.

ஸ்கூபாவில் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். அவளுக்கு ஜோடி நான். தூத்துக்குடிப் பயிற்சியாளர் தொலைபேசியில் ஒரே நிபந்தனை சொன்னார்: இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். எனக்கு முடியாவிட்டால் அவளுக்கு வேறு ஜோடி ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். "அவரு வரலைன்னா நானும் வரலை" என்று அவள் போனை வைத்தாள்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் அவள் தம்பியின் மல்லிகைத் தோட்டத்தில் ஒரு சதுரக் கிணறு இருக்கிறது. சுவரை ஒட்டிச் சுற்றினால் ஏறத்தாழ இருபத்தைந்து மீட்டர். மூன்று வாரம் தினமும் திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் போய்ச் சுற்றினேன். எட்டுச் சுற்று வந்த மறுநாள் அவளை அழைத்துப் போனேன்.

பூப்பறிப்பு முடிந்து பெண்கள் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் படியில் நின்று பார்த்தாள். எட்டாவது சுற்றை முடித்துத் தலையைத் தூக்கினேன்.

"ஒண்ணுகூட ஆகல" என்றாள்.

"எட்டு! எண்ணிட்டுத்தான வந்தேன்?"

"சுத்துக்குச் சுத்து மோட்டார் பைப்பப் புடிச்சிட்டுல்ல போறீங்க. கடல்ல பைப்ப யாரு நட்டு வச்சிருக்கா?"

பைப்பைப் பிடித்தது எனக்கே தெரியாது. கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் சுற்றுக்கு ஒருமுறை எதையாவது தொட்டு, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். சிறுவயதில் கை கற்றதை இந்த மூன்று வாரமும் கையே செய்திருக்கிறது.

மேட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "என்னண்ணே, கடலுக்கும் பைப்பக் கழட்டிட்டுப் போறீகளா?"

"சும்மா இரு. அண்ணன் எறங்குனதுல தண்ணி ஒரு படி ஏறியிருக்கு, பாத்தியா?" என்றாள் இன்னொருத்தி.

நான் படியில் உட்கார்ந்தேன். "நீ வேற ஜோடியோட போயேன். நான் படகுல உக்காந்திருக்கேன்."

அவள் துப்பட்டாவை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினாள். மல்லாந்து கொஞ்ச நேரம் மிதந்தாள். பிறகு, "வாங்க" என்றாள்.

சேர்ந்து நீந்தினோம். பைப் வரும் பக்கம் வந்ததும் அவள் எனக்கும் அதற்கும் நடுவில் வந்துகொண்டாள். மூன்றாம் சுற்றில் என் கை தன்னால் நீண்டு அவள் தோளில் பட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாவதில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. அவள் வேகத்தைக் குறைத்தாள். நான்தான் குறைத்தேன் என்று எனக்கே தோன்றும்படி குறைத்தாள். ஏழாவதில் மேட்டிலிருந்த பெண்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

எட்டு முடிந்தபோது படியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். படியேறி ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அவள் அங்கேயே பயிற்சியாளருக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு பேரும் வாரோம்" என்றாள். மறுமுனையில் அவர் முக்குளிக்கும் உடையின் அளவு கேட்டிருக்க வேண்டும். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, "அவருக்கு இருக்குறதுலயே பெருசா எடுத்து வைங்க" என்றாள்.