சத்தம் வந்தால் இறுக்கு

மேஸ்திரி பட்டறையை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. நான் வாசலில் மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன். என் பை அக்கா வீட்டில் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. போகிற ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிய விதத்திலேயே மேஸ்திரி திரும்பி வரப்போவதில்லை என்று புரிந்துவிட்டது.

ரம்பம், துளை போடும் மெஷின், கிளாம்புகள் எல்லாம் வேனில் ஏறின. கடைசியாக மூலையில் நின்ற இழைப்பு மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"இத நீயே வச்சுக்க, பாலிஷு. பொணத்தத் தூக்கிட்டுப் போக வேன்ல இடமில்ல."

பாலிஷு என்பது என் அக்கா. பத்தொன்பது வயதில் இதே பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்க வந்தவள். இப்போது முப்பத்தெட்டு. இடையில் மர வேலை முழுக்கக் கற்றுக்கொண்டாள், மேஸ்திரியோடு சரிபாதிக் கூட்டாளியும் ஆனாள். ஆனால் அவர் வாயில் அவள் என்றைக்கும் பாலிஷுதான்.

"லைப்ரரி மேஜை என்ன ஆகும்?" என்றாள் அக்கா.

"முடியாதுன்னு சொல்லிடு. மெஷின் செத்துப்போச்சு, மேஸ்திரியும் போயிட்டாரு. ரெண்டு காரணம் போதாதா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாம? பல்லால கடிச்சு இழைப்பியா?"

"என் பல்லு, என் பலகை. உங்களுக்கு என்ன?"

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. பெரிய ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது, அவ்வளவுதான். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் கதவைச் சாத்தாமல், "அங்க உனக்கும் ஒரு இடம் கேட்டு வச்சிருக்கேன். தேய்க்க ஆள் வேணுமாம். யோசிச்சு வை" என்றார்.

அக்கா யோசிக்கவில்லை. வேன் தெருமுனை திரும்புவதற்குள் மெஷின்மேல் கிடந்த சாக்கை இழுத்துக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கரடுமுரடான பலகையைத் தள்ளினால் மறுபக்கம் ஒரே தடிமனில், வழவழவென்று வெளியே வரும். உள்ளே சுழலும் உருளையில் மூன்று கத்திகள். அதை ஓட்ட அடியில் ஒரு மோட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெல்ட். மூடிப்போன ஒரு நாற்காலிக் கம்பெனியிலிருந்து நாலு வருஷம் முன்னால் இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. வந்த நாளிலிருந்தே அதற்கு உடம்பு சரியில்லை. முதலில் கிரீச்சிட்டது. பிறகு கிளம்பும்போது முனகியது. கடைசி மாசத்தில் பத்து நிமிஷம் ஓடினால் போதும், பக்கவாட்டிலிருந்த சிவப்பு பட்டன் 'டப்'பென்று வெளியே துருத்தி மெஷின் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒரு பத்து நிமிஷம்.

லைப்ரரிக்கு ஒப்புக்கொண்ட முப்பது மேஜைகளில் பாக்கியிருந்தது மேற்பலகைகள். கால்களும் சட்டங்களும் தயாராகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. மேஜைக்கு நாலு பலகை, மொத்தம் நூற்றிருபது. மெஷின் போகிற போக்கில் போனால் ஒரு நாளைக்கு நாலைந்து பலகை தேறும். கெடு இருபது நாள்.

மத்தியானம் கட்டடக்காரம்மா வந்தாள். மாசக் கடைசியில் இடம் காலியாகும் என்று மேஸ்திரி அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். பக்கத்து டயர் கடைக்காரர் நடுச்சுவரை இடித்து விரிவுபடுத்தக் காத்திருக்கிறார்.

"அவர்தான் காலி பண்ணியிருக்காரு. நான் இங்கதான இருக்கேன்" என்றாள் அக்கா.

"ஓடாத மெஷினை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவ?"

"ஓட வைப்பேன்."

கட்டடக்காரம்மா அடுக்கியிருந்த மேஜைக் கால்களைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், ஏனோ என்னையும் ஒருமுறை பார்த்தாள். "முப்பது மேஜையும் இந்த வாசலைத் தாண்டட்டும். வாடகைப் பத்திரத்தை உன் பேர்லயே எழுதித் தர்றேன். தாண்டலைன்னா சாவியை டயர்க்காரர்கிட்ட கொடுத்துடு, என்னைத் தேடி வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடைக்காரரைக் கூட்டி வந்தோம். தெருவில் அவருக்கு மோப்பம் என்று பெயர். எந்த மோட்டாராக இருந்தாலும் அதன் ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்துவிட்டுத்தான் பேசுவார். இதற்கும் அப்படியே மூக்கை வைத்தார்.

"கருகிப்போச்சு. முழுசா கம்பி மாத்தணும். மூணு வாரம் ஆகும்."

"இது என்ன பாலா, கெட்டுப்போச்சான்னு மோந்து பாக்க? வேற எதுவும் சோதிக்க மாட்டீங்களா?"

"இருபது வருஷ மூக்கும்மா இது."

"ஜலதோஷம் பிடிச்சா கடை லீவா?"

மோப்பம் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அக்காவின் வாய் அப்படி. ஆனால் அவர் போன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்துதான் இருந்தாள். பயத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, ஸ்பேனரைக் கையில் எடுப்பது.

முதலில் தப்பு செய்தாள். மோட்டார் முதுகில் டப்பா மாதிரி ஒன்று இருக்கும், கப்பாசிட்டர். கிளம்பும்போது மோட்டாருக்கு ஒரு உந்து கொடுப்பது அது. முனகலுக்கு அதுதான் காரணம் என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினாள். மெஷின் முனகாமல் துள்ளிக் கிளம்பியது. இருவரும் குதித்தோம். நான் அம்மாவுக்கு போன் போட்டு, "அக்கா சரி பண்ணிட்டா" என்றே சொல்லிவிட்டேன். பதினோராவது நிமிஷம், டப்.

அம்மா இன்னும் லைனில் இருந்தாள். "அது என்ன சத்தம்?"

"கதவும்மா."

வெள்ளிக்கிழமை அக்கா வேறு மாதிரி ஆரம்பித்தாள். "எது கெட்டுப்போச்சுன்னு தேட வேணாம். எது நல்லா இருக்குன்னு ஒவ்வொண்ணா தள்ளி வைப்போம்" என்றாள். பிளக்கைப் பிடுங்கி, என் கையில் கொடுத்து, "நான் கேக்குற வரைக்கும் இது உன் மடியிலயே இருக்கணும்" என்றாள். பெல்ட்டைக் கழற்றினாள். அது சுலபமாக வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது. பிறகு பிளக்கை வாங்கிப் போட்டு, எதனோடும் சேராத மோட்டாரை மட்டும் ஓடவிட்டாள்.

பத்து நிமிஷம். இருபது. ஒரு மணி நேரம். மோட்டார் பாட்டுக்கு ஓடியது. சிவப்பு பட்டன் அசையவே இல்லை.

"கருகின மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுமா? மோப்பத்தோட மூக்கைத்தான் மாத்தணும்" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தி உருளையைப் பலகைத் துண்டால் சுற்றிப் பார்த்தாள். தடையில்லாமல் சுற்றியது. மோட்டாரும் நல்லது, உருளையும் நல்லது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் கெட்டது.

பெல்ட்டை மறுபடி மாட்டி ஓடவிட்டு, பெல்ட்டுக்கு எட்ட விலகி நின்று, மோட்டாரின் இரும்பு உடம்பில் மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்தாள். விரலை வைக்கவில்லை. அவள் விரல் நுனிகளுக்குச் சூடு உறைக்காது. பத்தொன்பது வருஷம் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து ரேகையே போய்விட்டது. ஒரு ஆபீஸில் ரேகை வைக்கச் சொன்ன மெஷின் அவளை ஆளாகவே ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதனால் எதையும் மணிக்கட்டில்தான் பார்ப்பாள். பலகையில் முடியளவு மேடு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். மோட்டாரின் பின்பக்கம். நடு. முன்பக்கம், பெல்ட் மாட்டிய பக்கம். அங்கே வைத்ததும் கையை உதறினாள்.

"இங்க மட்டும் கொதிக்குது. கம்பி கருகியிருந்தா உடம்பு முழுக்கக் கொதிக்கணும். இது ஒரு மூலைல மட்டும் கொதிக்குது."

நிறுத்தினாள். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். அது கொஞ்சமும் இறங்கவில்லை. தந்தி மாதிரி விறைத்து நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"சத்தம் வந்தா இறுக்கு!"

அது மேஸ்திரியின் மந்திரம். கதவு கிரீச்சிட்டால் திருகை இறுக்குவார். மேஜை ஆடினால் இறுக்குவார். ஆட்கள் முணுமுணுத்தால் அவர்களையும் ஒரு இறுக்கு. பெல்ட் கிரீச்சிட்ட ஒவ்வொரு காலையிலும் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு கொடுப்பாராம். நாலு வருஷத்தில் எத்தனை காலை! அந்த இழுப்பெல்லாம் மோட்டாரின் முன்பக்கத்தில் அச்சைத் தாங்கும் பேரிங்கில் போய் விழுந்திருக்கிறது.

"அப்படின்னா தளர்த்திட்டா போதும்ல?" என்றேன் நான். எனக்கு எதுவும் சீக்கிரம் முடிய வேண்டும்.

"முதல்ல ஏன் கிரீச்சிட்டுச்சு? அதைக் கண்டுபிடிக்கலைன்னா நாளைக்கு நானும் ஸ்பேனரைத்தான் எடுப்பேன்."

பிளக் மறுபடி என் மடிக்கு வந்தது. ஒரு நூலை எடுத்து, பெல்ட் ஓடுகிற மேல் சக்கரத்தின் விளிம்பையும் கீழ்ச் சக்கரத்தின் விளிம்பையும் தொடுகிற மாதிரி இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் நூல் இரண்டையும் ஒட்டிப் போக வேண்டும். கீழே நூலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விரல் நுழைந்தது. மோட்டார் கோணலாக உட்கார்ந்திருந்தது.

டார்ச்சை வைத்துக்கொண்டு தரையில் படுத்துத் தேடியதில் கிடைத்தது அது. மோட்டாரின் ஒரு காலுக்கு அடியில் ஒரு மர ஆப்பு. வந்த புதிதில் மெஷின் அதிர்கிறது என்று மேஸ்திரி அடித்துச் செருகியது. என்ன அழகான ஆப்பு! நல்ல தேக்கு, நாலு பக்கமும் இழைத்து, முனை மழுக்கி, பென்சிலில் அளவுகூடக் குறித்திருந்தார். அதிர்வு நின்றது. சக்கரம் கோணியது. கோணியதால் கிரீச். கிரீச்சிட்டதால் இறுக்கு.

"மனுஷன் தப்பைக்கூட எவ்வளவு சுத்தமா பண்ணியிருக்காரு பாரு" என்று அக்கா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மோட்டாரின் அச்சை விரலால் சுற்றியபோது உள்ளே உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு இருந்தது. பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். அதைக் கழற்ற மூன்று கால் வைத்த ஒரு புல்லர் வேண்டும். தெருவில் அது ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

டயர் கடைக்காரர் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். "புல்லரா? எதுக்கும்மா? மெஷினைப் பிரிச்சு எடைக்குப் போடப் போறியா?" குரலில் அத்தனை ஆசை.

ஆமாம் என்று சொல்லிவிடச் சொல்லி நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். அவள் கிள்ளலைத் தட்டிவிட்டு, "இல்லண்ணே. ஓட வைக்கப் போறேன்" என்றாள்.

அவர் தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து புல்லரை எடுத்து நீட்டினார். "ஓடினா இதை மட்டும் திருப்பிக் கொடு. ஓடலைன்னா சாவியோட சேர்த்துக் கொடு."

"நடுச்சுவத்துல உங்க பக்கமும் ஆணி அடிச்சுக்கலாமாண்ணே? எங்க பக்கத்துல இடம் பத்தாது போலிருக்கு."

"ஏய், போம்மா!"

பழைய பேரிங் வெளியே வந்தபோது உள்குண்டுகள் நீலம் பாரித்திருந்தன. அதன் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் காட்டிப் புதியதை வாங்கி வந்தோம். அச்சில் அதை ஏற்ற, அதே அளவு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை உள்வளையத்தின்மேல் வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டித் தட்டி இறக்கினாள். மோட்டாரை ஆப்பில்லாமல் உட்கார வைத்தாள். அதிர்வுக்கு நாலு காலுக்கும் ஒரே மாதிரி டயர் ரப்பர் வெட்டி வைத்தாள். ரப்பர் யாரிடம் வாங்கினாள் என்று சொல்லத் தேவையில்லை. நூலை இழுத்துப் பார்த்தோம். இரண்டு சக்கரத்தையும் ஒட்டிப் போயிற்று. பெல்ட்டை மாட்டி, கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்குகிற அளவுக்கு மட்டும் முடுக்கி, ஸ்பேனரை என்னிடம் தந்தாள். "நான் கேட்டாலும் தராதே."

சனிக்கிழமை காலை ஒன்பதே கால். சுவிட்சைப் போட்டாள். கிரீச் இல்லை. முதல் பலகை உள்ளே போய் வெளியே வந்தது. எனக்கு அன்று பதினொரு மணிக்கு பஸ். டிக்கெட் பையில் இருந்தது. ஒன்பதாவது நிமிஷம். பத்தாவது. பதினோராவதில் நான் சிவப்பு பட்டனைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தேன். அக்கா பார்க்கவே இல்லை. மோட்டாரின் முன்பக்கத்தில் மணிக்கட்டை வைத்து எடுத்துவிட்டு அடுத்த பலகையைத் தூக்கினாள். பதினைந்து. நாற்பது.

பதினொரு மணிக்கு நான் மெஷினின் மறுபக்கம் நின்று பலகை வாங்கிக்கொண்டிருந்தேன். பஸ் போயிருக்கும்.

பதினெட்டாவது நாள் முப்பதாவது மேஜை வாசலைத் தாண்டியது. கட்டடக்காரம்மா எதிர்ப்புறம் நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். டயர்க்காரரும் எண்ணினார், முறைத்துக்கொண்டே. புல்லரை அன்றே திருப்பிக் கொடுத்தோம். பத்திரம் அக்கா பேரில் வந்தது. பட்டறைப் பலகையில் அவளே பெயிண்டால் எழுதினாள்: 'மர வேலை'. அடியில் சின்னதாக, 'பாலிஷும் செய்யப்படும்'.

நான் மறுபடி கிளம்பிவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இரண்டு வருஷம் கழித்து, எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, அக்கா தனக்கு வந்த ஒரு செய்தியை எனக்கு அனுப்பியிருந்தாள். அவளாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. செய்தி இதுதான்:

"பாலிஷம்மா, நல்லா இருக்கியா. ஃபேக்டரிய விட்டுட்டேன். தனியா ஒரு பட்டறை போட்டிருக்கேன். நம்மகிட்ட இருந்த மாதிரியே ஒரு பழைய இழைப்பு மெஷின் வாங்கினேன். பத்து நிமிஷம் ஓடி நின்னுடுது. தினமும் காலைல பெல்ட்டை இறுக்கித்தான் விடுறேன், சத்தம் போக மாட்டேங்குது. நீ அதை எப்படி ஓட வச்ச? கொஞ்சம் சொல்லு. ஆடுதேன்னு காலுக்கு அடியில ஒரு ஆப்புகூட வச்சுப் பாத்துட்டேன்."