போனுக்குள் இருந்த அப்பா

நான் கட்டாருக்கு ஏசி பூட்டுகிற வேலைக்குப் போனபோது என் மகள் குப்புறப் பிரளக்கூடப் பழகியிருக்கவில்லை. அவளுக்குப் பல் முளைத்ததையும், முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் முதல் அடி வைத்ததையும், செபமாலைக்கு நடுவில் தேவையில்லாத இடத்தில் ஆமென் என்று கத்தி வீட்டையே சிரிக்க வைத்ததையும் போனில்தான் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து ஒன்றரை மாத லீவு கிடைத்தது. அந்த ஒன்றரை மாதத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் ஒருமுறை அப்பா என்று கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவாள் என்று நம்பித்தான் வந்தேன். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. எங்கள் வீட்டில் பின்னேரச் செபம் முடிந்ததும் மனைவி அவளுக்கு வாயில் சோறு தீத்துவாள். அந்த நேரம் பார்த்து நான் வீடியோவில் வருவேன். தான் சாப்பிடுவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு வாய் என்று மகள் ஒரு பிடி சோற்றைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவருவாள். அங்கே, பத்துப் பேர் படுக்கிற அறையில், நான் 'ஆ' என்று வாயைத் திறப்பேன். சோறு திரையில் படுமுன் மூடிவிட்டு, வெறும் வாயை மென்று, என்ன ருசி என்று தலையாட்டுவேன். மேல் கட்டில்காரன் முதலில் சிரித்தான், பிறகு அவனும் சேர்ந்து மென்றான். மனைவியின் போனில் ஒட்டியிருந்த பருப்பையும் மீன் குழம்பையும் வழித்தால் ஒரு கோப்பைக்குக் காணும். நான் சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள். இப்படி அன்பு காட்டுகிற பிள்ளை நேரில் கண்டால் பாய்ந்து வந்து கட்டிப்பிடிக்கும் என்று நினைப்பது பிழையா?

வாசலில் பையை வைத்தேன். மகள் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்பா வந்திட்டார் என்று மனைவி சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் முட்டுக்காலில் இருந்து கையை விரித்துக் காத்திருந்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைத் தாயிடம் நீட்டி, வந்த அப்பாவைக் காட்டச் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் நாளும் சிரித்தேன். மூன்றாம் நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு நான் மாமா. பொம்மை கொண்டுவந்த மாமா, ஆனால் இரவானாலும் வீட்டுக்குப் போகத் தெரியாத மாமா. என் கதிரையில் ஏறியிருந்து என்னை எழும்பச் சொல்வாள். ஒருநாள் அலுத்துப்போய், அழைப்பை நிறுத்த அந்தச் சிவப்புப் பொத்தானை அமத்துவது போல, என் நாடியில், உதட்டுக்குக் கீழே, விரலை வைத்து அமத்தினாள். நான் மறையவில்லை. திரும்பவும் பலமாக அமத்திப் பார்த்துவிட்டு, இது பழுதாகிப்போன சாமான் என்பது போலத் தாயிடம் போனாள்.

வீட்டில் நான் இருந்தபடியால் பின்னேரத்தில் போன் அடிக்கவில்லை. அப்பா வரவில்லை என்று அவள் சோற்றைத் தொடாமல் அழத் தொடங்கினாள். கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். கிணற்றடிக்குப் போய் நின்று தன் போனுக்கு என்னை வீடியோவில் எடுக்கச் சொன்னாள். சொந்த வீட்டுக்குப் பின்னால், நுளம்புக் கடிக்குள், இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று நான் என் மகளுக்கு வீடியோவில் வந்தேன். அயல்வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தநாள் மனைவியிடம் வீட்டுக்குள் ஏதும் பிரச்சினையோ என்று இரகசியமாக விசாரித்தாவாம்.

என்னைத் திரையில் கண்டதும் மகளின் அழுகை நின்றது. ஒரு வாய் தந்தாள், நான் மென்றேன். பிறகு வாயைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு முறைப்பாடு வைத்தாள்.

"அப்பா, இஞ்ச ஒரு மாமா நிக்கிறார். போறாரில்லை. நீங்கள் வந்து அடியுங்கோ."

நல்லாய் அடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. என்மேலேயே எனக்குப் பொறாமை. போனுக்குள் இருக்கிறவன் ஒரு வேலையும் செய்யாமல் என் பிள்ளையின் அன்பையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று எரிந்தது. பிள்ளை உறங்கியதும் குசினிக்குள் போய் மனைவியோடு ஏறுப்பட்டேன். போனைத்தான் அப்பா என்று காட்டிக் காட்டி வளர்த்திருக்கிறாய் என்று கத்தினேன்.

அவள் சட்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "வேற என்னத்தைக் காட்டுறது? நீங்கள் எங்களுக்குத் தந்தது அதைத்தானே" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் பிள்ளையை வற்புறுத்தவில்லை. பின்னேரமானால் நானாகவே கிணற்றடிக்குப் போனேன்.

லீவு பாதி முடிந்திருந்தது. ஒரு மத்தியானம், மாதா கோயிலைத் துப்புரவு செய்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்ததால் மனைவி போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் மகளும் தனிய. சோறும் இறால் பாற்கறியும் போட்டுக் கொடுத்தேன். நான் தீத்த விடமாட்டாள். பாயில் சப்பாணி கட்டியிருந்து, முதல் பிடியைப் பொம்மைக்குக் கொடுத்தாள். இரண்டாவதைப் பூனை உண்மையாகவே தின்றது. மூன்றாவதைப் பிடித்தபடி போனைத் தேடினாள். கதிரையில் பார்த்தாள், அலுமாரிக்குக் கீழே பார்த்தாள். கிடைக்கவில்லை. அங்கே மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான். பெரிய மனது பண்ணி எனக்கு நீட்டினாள்.

எவ்வளவு நாள் காத்திருந்த சோறு! நான் 'ஆ' என்று வாயைத் திறந்தேன். அவளுடைய கை கிட்ட வந்ததும், இரண்டு வருடப் பழக்கம், வாய் தானாக மூடிக்கொண்டது. சோறு உதட்டில் பட்டு உடைந்து சாரத்தில் கொட்டியது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. வெறும் வாயை மென்று, என்ன ருசி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் சாரத்தில் கிடந்த சோற்றைப் பார்த்தாள். மெல்லுகிற என் வாயைப் பார்த்தாள். இப்படி ஒரு மடத்தனத்தைச் செய்கிறவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் என்று அவளுக்குத் தெரியும். குழம்புக் கையால் என் கன்னத்தைத் தடவினாள். போன் கண்ணாடி மாதிரி வழுக்கவில்லை, தாடி குத்தியது. கையை இழுத்துக்கொண்டாள், திரும்பவும் தடவினாள்.

"அப்பா" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எனக்கு அது போதும். பூனைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மிச்ச லீவு முழுக்க அவள் என் தோளைவிட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு வாய் சோற்றையும் நான் உண்மையில் விழுங்குகிறேனா என்று என் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஏமாற்ற வழியில்லாமல் நன்றாகக் கொழுத்தேன். புறப்பட்ட அன்று அவள் விழிக்குமுன் பஸ் ஏறினேன். எழுப்பிச் சொல்லிவிட்டு வர எனக்குத் துணிவு இருக்கவில்லை.

கட்டாருக்கு வந்து சேர்ந்த பின்னேரம் வழக்கமான நேரத்துக்குப் போன் எடுத்தேன். மகள் தாயின் மடியில் சோற்றுக் கோப்பையோடு இருந்தாள். என்னைக் கண்டாள், சிரிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு வாய் குடுங்கோ என்று மனைவி சொல்லிக்கொடுத்தாள். நான் 'ஆ' என்று வாயைத் திறந்தேன். மேல் கட்டில்காரனும் தலையைத் தொங்கவிட்டுத் திறந்தான்.

மகள் பிடித்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போனுக்கு வாய் இல்லை" என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றை, தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவளை நான் குறை சொல்ல முடியாது. உண்மையான அப்பா எப்படி இருப்பார் என்று பழக்கியவன் நானேதான். நான் வாயை மூடினேன். மெல்லவில்லை.

மனைவி போனைத் தன் பக்கம் திருப்பினாள். வழமையாக என் சாப்பாட்டைப் பற்றியும் அங்கத்தைய வெயிலைப் பற்றியும் கேட்பாள். அன்றைக்கு அவள் கேட்டது, இரண்டு வருடத்தில் ஒருநாளும் என்னிடம் கேட்காத கேள்வி.

"எப்ப வாறீங்கள்?"