மாரில் கட்டிய மல்லிகை

எதிர்வீட்டுத் தம்பி தினமும் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் நேருக்கு நேர். இரண்டு கதவுக்கும் நடுவில் மாடிப்படி மட்டும்தான். சாயங்காலம் சங்கு ஊதினதும் ஆண்கள் எல்லாரும் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். அவன் சைக்கிளில் டிபன் பையோடு ஒரு வாழையிலைப் பொட்டலமும் தொங்கும். என் வீட்டுக்காரர் சைக்கிளில் டிபன் பை மட்டும் தொங்கும்.

எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்குக்கு மேலே. பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் அந்தப் பக்கத்துப் பேச்சு தானாக வந்துவிடும்.

"குழந்தை பொறந்து ஒரு மாசம்கூட ஆவல, பொண்டாட்டிக்குத் தெனம் பூ வாங்கியாறான். நீயும் கீறியே" என்றேன்.

"அவனுக்குப் புதுசு, வாங்குறான். நமக்குத்தான் ஒண்ணு தவழ்ந்துகினு கீதே" என்று சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார் அவர்.

தவழ்ந்துகொண்டிருந்தது எங்கள் மகன். அப்போது அவனுக்கு எட்டு மாதம். சரியான பெருந்தீனிக்காரன். மாரில் போட்டால் பம்ப் செட்டு போட்ட மாதிரி உறிஞ்சுவான்.

கேட்டுக்கு வெளியே பூ விற்கும் அம்மாவிடமும் நான் பொருமினேன். அந்த அம்மா வேறு ஒரு சேதி சொன்னாள். "அந்த அண்ணாத்தே கட்டுன பூ வேணாங்குறாரும்மா. உதிரியாவே குடுங்குறாரு. தலைல எப்படி வெச்சிக்கும் அந்தப் பொண்ணு?"

எனக்கும் அது புரியவில்லை. பூஜைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபதுகூட இருக்காது. இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கு அம்மா இல்லை. அவன் அம்மாவோ, மகன் சொந்தத்தில் பெண் எடுக்கவில்லை என்ற கோபத்தில் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் வரவில்லை. குழந்தை பத்து மாதம் முடிவதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கண்ணாடி அறையில் வைத்திருந்து, சங்கில் பால் புகட்டி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று ஒரு முறை எட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. பூ வந்து இறங்கும் வீட்டுக்கு நான் எதற்கு என்று ஒரு வீம்பு.

ஆனால் அந்தக் குழந்தையின் அழுகை என்னை உட்காரவிடவில்லை. அது வீரிட்டு அழுதிருந்தால் சும்மா இருந்திருப்பேன். ஈனசுரத்தில் அழுதுகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

வீடு முழுக்க மல்லிகை வாசம். அவள் தலையில் ஒரு பூ இல்லை. சாமி படத்திலும் இல்லை. தரையில் பழைய புடவையில் கிடந்தது குழந்தை. கால் இரண்டும் குச்சி. பக்கத்தில் பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் இருந்தன. காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது என்றாள்.

"தாய்ப்பால் குடுக்கல?"

"இல்லக்கா. கண்ணாடி ரூம்ல இருந்துட்டு வந்ததுலேர்ந்து அவனுக்குக் குடிக்கத் தெரியல. வாய வச்சிட்டு வச்சிட்டு அழுதான். எனக்கு ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி கட்டிக்கிட்டு. காய்ச்சலு வேற. எங்க வீட்டுக்காரவிய பாலு எடுக்குற பம்பு வாங்கியாந்தாவ. அதுல வலிதான் வந்துச்சு, பாலு வரல."

அலமாரியில் அந்தப் பம்பு இருந்தது. கண்ணாடிக் குமிழும், அதன் பின்னால் சைக்கிள் ஹாரனில் இருப்பது போல ஒரு ரப்பர் பந்தும்.

"இப்ப எப்படிக் கீது?"

"இப்ப வலியே இல்லக்கா" என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. முந்தானையை விலக்கிக் காட்டினாள். மாரைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். துணிக்குள்ளிருந்து வாடின மல்லிகைப்பூ இரண்டு உதிர்ந்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் மல்லிகையை மாரில் வைத்துக் கட்டுவது பாலை வற்றவைக்கத்தான். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போது கட்டுவார்கள். பிறந்த குழந்தை தங்காவிட்டால் கட்டுவார்கள். என் அக்காவுக்குக் கட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற நீ? யாருடி சொன்னது உனக்கு?"

நான் கத்திய கத்தலில் என் மகன் அழ ஆரம்பித்தான். அவள் மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாவ. அவியளுக்கும் இப்படித்தான் கட்டிக்கிட்டு, அழுதுகிட்டே கெடந்தாவ. அவிய அம்மா பூவ வச்சுக் கட்டி விட்டாவ. ரெண்டு நாள்ல வலி விட்டுட்டு. அதான் நானும்."

"அந்தப் பொண்ணோட குழந்த?"

"அதுவும் கண்ணாடி ரூம்லதான் இருந்திருக்கும்போல. ஒருநாளும் கொண்டாந்து காட்டல."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. அதைச் சொல்லும் இடமில்லை அது. "இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை அவிழ்த்தேன். கல்லாக இருந்த மார் துவண்டு கிடந்தது. பிதுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு வந்தது. அதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. அடியோடு வற்றிவிடவில்லை.

பூ எதற்கு என்று அவளுக்கு மெதுவாகச் சொன்னேன். குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவன் பொட்டலத்தோடு படியேறி வந்தான். வழியிலேயே மறித்து வாங்கிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"வலிக்கின்னு அழுதாக்கா. நான்தான தெனமும் வாங்கிக் குடுத்தேன். பிள்ளைக்கு இனிமே பால் வராதா?"

"வரும். எந்திரி" என்றேன். வருமா வராதா என்று எனக்கே தெரியாது. அந்தக் குழந்தை இருந்த இருப்பில் இன்னும் சில நாள் பவுடர் பாலில் ஓட்ட முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அன்றைக்கென்று பார்த்து என் வீட்டுக்காரர் மனம் திருந்தி இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "அத மொதல்ல வெளிய கொண்டு போ" என்று நான் போட்ட கூச்சலில் மனிதர் ஆடிப்போய்விட்டார். பூ பிள்ளையார் கோவிலுக்குப் போனது. அதற்குப் பிறகு வெகுகாலம் எனக்குப் பூ வாங்கச் சொன்னால் இதையே சொல்லிக்காட்டுவார்.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், அவள் பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. என் பிள்ளைக்குத் தெம்பு வேண்டிய மட்டும் இருக்கிறது. மாற்றிப் போட்டால் என்ன?

வீட்டுக்காரர் தயங்கினார். "அவங்க இன்னா ஆளுங்களோ, நம்மள இன்னா நெனப்பாங்களோ." நான் நேராக அவளையே கேட்டேன்.

"என் பிள்ள பொழச்சாப் போதும்க்கா" என்றாள்.

மறுநாளிலிருந்து ஆண்கள் வேலைக்குப் போனதும் நான் எதிர்வீட்டில். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து மாரில் ஒத்தடம் கொடுப்பேன். பிறகு என் மகனை அவளிடம் கொடுப்பேன். முதலில் முரண்டு பிடித்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவள் கன்னத்தில் அறைந்தான். பசி வந்ததும் பிடித்துக்கொண்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பிள்ளையை நான் போட்டுக்கொள்வேன். நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். மிச்சத்தைக் கிண்ணத்தில் பீய்ச்சி, சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவேன். பவுடர் டப்பாவை மூடி வைக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பம்பு என் மகனுக்கு விளையாட்டுச் சாமானாகிப் போனது.

அந்தத் தம்பியும் சும்மா இருக்கவில்லை. பூ வாங்கின கையால், பால் சுரக்கட்டும் என்று, தினமும் பூண்டும் சுறாவும் வாங்கி வந்தான். சுறாப்புட்டு செய்ய அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உப்பு அள்ளிப் போட்டுவிடுவான். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவாள்.

குழந்தைக்குத் தண்ணீராகப் போனது நின்றது. அழுகையிலும் கொஞ்சம் காரம் ஏறியது. ஆனால் அவளுக்கு மட்டும் பால் வந்தபாடில்லை. என் மகன் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று கோபித்துக்கொண்டு என்னிடம் தாவுவான். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. எத்தனை நாளைக்கு இரண்டு பிள்ளைக்கு நான் ஒருத்தி கொடுப்பது? வெளியே காட்டிக்கொள்ளாமல் அவளை விரட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம். அவள் குளிக்கட்டும் என்று அவள் பிள்ளையை என் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். அது பசித்து அழுதது. ஈனசுரம் இல்லை, வீடு இடிந்துபோகிற மாதிரி நல்ல அழுகை. நான் மடியில் எடுப்பதற்குள் அவள் ஈரத்தலையோடு படியைத் தாண்டி ஓடி வந்தாள்.

"யக்கா, இங்க பாருங்க. நனஞ்சிட்டு" என்றாள்.

ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

"வேடிக்க பாத்துகினு நிக்கிற? போடு பிள்ளய" என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையைப் போட்டாள். அது வழக்கம்போல முகத்தைச் சுளித்தது. வாயில் ஒரு துளி விழுந்ததும் சுளிப்பை விட்டுவிட்டுக் கவ்வியது. கொஞ்ச நேரத்தில் கடக் கடக் என்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது. அப்போதுதான் என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நான் அழுததை அவள் பார்க்கக் கூடாது என்று சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் அவளும் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த அக்கா தெரிஞ்சேதான் கட்டியிருக்காவ, என்னக்கா? அவிய பிள்ள கண்ணாடி ரூம்ல இல்ல."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆமாண்டி" என்றேன்.

"நான் அவியகிட்ட, பூ நல்லா வாசமா இருக்குன்னு சொன்னேன்க்கா. சிரிச்சாவ."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ஈரத்தலையைத் துவட்டிவிட்டேன். குழந்தை வாயை எடுத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்தியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் மாற்றிப் போட்டாள்.